அரிசியில் வண்டு: கிடங்கில் கிடக்கும் மூட்டைக்கு முத்திரை ஏன்?

"அரிசியிலே வண்டு ஊறுது ஐயா, களைஞ்சிட்டு ஆக்கலாமா, கொட்டிடணுமா?" என்ற கேள்வி வராத மாதம் எனக்குக் கிடையாது. காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவர், இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர், பிள்ளையின் ஊசிக் கார்டைக் கொண்டு வந்தவர் எல்லாரும் வந்த காரியம் முடிந்து எழுந்து போகும்போது, வாசற்படியில் நின்றுகொண்டுதான் இதைக் கேட்பார்கள். சிலர் ஒரு பிடி அரிசியைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டே வருவார்கள். மழை மாதங்களில் இது இன்னும் அதிகம். நம் கேரி தீவு எப்படிப்பட்ட இடமென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் கடல், ஓரமெல்லாம் அலையாத்திக் காடு, கரைக்கட்டுக்கு உள்ளே செம்பனை. துவைத்துப் போட்ட சட்டையே மறுநாள் வரை ஈரமாகக் கிடக்கும் ஊரில் அரிசி மட்டும் எப்படி உலர்ந்திருக்கும்?

இத்துடன் இன்னொரு கேள்வியும் வரும். சுகாதார அதிகாரிகள் ஏதோ ஒரு கிடங்கில் நுழைந்து, பூச்சி விழுந்த உணவுப் பொருளை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்தார்கள் என்று செய்தி வந்தால் போதும். "வண்டு விழுந்ததை நாம்ப வீட்டிலே புடைச்சுத் தின்னுறோம், அங்கே கொண்டுபோய் அழிக்கிறாங்களே, இது நியாயமா?" என்பார்கள். விற்காமல் சும்மா அடுக்கி வைத்திருந்ததற்கு வழக்கா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். அரிசி வண்டு விஷப் பூச்சி அல்ல. கொசுவைப் போலவோ ஈயைப் போலவோ அது வியாதியைச் சுமந்து வருவதில்லை. தெரியாமல் இரண்டு வண்டு சோற்றோடு வெந்து வயிற்றுக்குள் போய்விட்டால் ஒன்றும் ஆகாது. அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது புழுத்த அரிசிக் கஞ்சிதான். ஆனால் அவர்களைக் கொன்றது அந்தப் புழு அல்ல. காலராவும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் பட்டினியும் அடியுமே கொன்றன.

அப்படியானால் அரசாங்கம் ஏன் பறிமுதல் செய்கிறது? வண்டு தனியாக வருவதில்லை, அதுதான் காரணம். அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும்.

மூக்கு நீண்ட அந்தக் கறுப்பு வண்டின் பெண் பூச்சி, அரிசி மணியில் மூக்கால் சின்னத் துளை போடும். அதில் ஒரு முட்டையை வைத்து, தன் உடம்பிலிருந்து வரும் பசையால் துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் முழு மணி போலவே இருக்கும். புழு அந்த மணிக்குள்ளேயே மாவைத் தின்று வளர்ந்து, கூண்டாகி, வண்டாகி, ஒரு நாள் மணியைக் குடைந்துகொண்டு வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் இதற்கெல்லாம் ஒரு மாதம் போல ஆகும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டை வரை இடக்கூடும். ஆகவே நீங்கள் இன்று முறத்தில் பார்க்கும் வண்டு, ஒரு மாதத்துக்கு முன் கடையிலோ கிடங்கிலோ வைத்த முட்டை. "வீட்டுக்கு வந்த பிறகு விழுந்துச்சு, எங்க கடையிலே சுத்தமாத்தான் இருந்துச்சு" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை நாளைக்கு முன் வாங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாமல் மூடிய பையில் வண்டு ஊறினால், அது உங்கள் வீட்டில் பிறந்தது அல்ல.

இத்தனை ஆயிரம் உயிர் ஒரு மூட்டைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மூட்டையின் நடுவில் சூடு ஏறும், ஈரம் சேரும். கையை உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெதுவெதுப்பாக இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். குடைந்த மணியில் அது சுலபமாக உள்ளே போகும். போதாக்குறைக்கு எலி, பல்லி, கரப்பான். வண்டைக் கவனிக்காமல் விட்ட கிடங்கில் எலியை மட்டும் கவனித்திருப்பார்கள் என்று நம்ப முடியுமா? மாவு என்றால் இன்னொரு சங்கதி. சிவப்பு மாவு வண்டு அதிகமாகிவிட்டால் மாவு காரமான நாற்றம் அடிக்கும், லேசாக நிறமும் மாறும். அது அந்த வண்டு கக்கும் நீரால் வருவது. கண்ணுக்குத் தெரியாத மாவு உண்ணிகளும் உண்டு. அந்த மாவில் சுட்ட பண்டத்தைத் தின்று, உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியவர்களைப் பற்றி வைத்திய நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட அதே கேள்வி அங்கே உச்சநீதிமன்றம் வரை போனது. புளோரிடா மாநிலத்தில் வைசன்பெல்டு என்ற வாடகைக் கிடங்குக் கம்பெனி. சரக்கு அவர்களுடையது அல்ல. மற்றவர்களின் சரக்கை வாங்கி அடுக்கி வைத்து வாடகை வாங்குவதே தொழில். எலியும் பறவையும் பூச்சியும் வந்து போகக்கூடிய கட்டடத்தில் உணவை வைத்திருந்தார்கள் என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. நாங்கள் செய்ததெல்லாம் வைத்திருந்தது மட்டும்தானே, அதற்கும் குற்றமா என்பது எதிர்வாதம். கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. 1964-ல் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அசுத்தமான நிலையில் உணவை வைத்திருப்பதும் 1938-ஆம் வருஷத்து உணவுச் சட்டத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டத்தின் வார்த்தையைக் கவனியுங்கள்: உணவு அசுத்தமாகிவிட்டது என்று காட்ட வேண்டியதில்லை, அசுத்தமாகியிருக்கக்கூடிய நிலையில் வைத்திருந்தாலே போதும். நோய் வந்த பிறகு பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம்?

அந்த நாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. பறிமுதல் வழக்கில் பிரதிவாதி மனிதர் அல்ல, சரக்கு! 1956-ல் ஒரு வழக்கின் பெயர், 'அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 1,500 பெட்டி தக்காளிக் கூழ், கூடவோ குறையவோ' என்பது. கூண்டில் தக்காளி நின்றது போல நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யார் முதலாளி, யார் ஏஜெண்டு என்று வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும்போது சரக்கு கை மாறி ஏழைகளின் சட்டிக்குப் போய்விடக் கூடாது. முதலில் சரக்கைப் பிடித்து நிறுத்து, பிறகு ஆளைத் தேடு. சரக்குக்காரர் பிணைப் பணம் கட்டி, அதிகாரிகள் கண் முன்னால் சுத்தம் செய்து தரத்துக்குக் கொண்டுவர முடியுமானால் அதற்கும் அங்கே வழி உண்டு. முடியாவிட்டால் அழிக்க வேண்டியதுதான்.

சரி, ஆளைத் தேடினால் யாரைப் பிடிப்பது? மூட்டை தூக்கும் பையனையா? சங்கத்துக்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது. அமெரிக்காவில் ஆக்மி என்று பெரிய மளிகைக் கடைக் கம்பெனி. அதன் பால்டிமோர் கிடங்கில் எலி நடமாட்டம் இருப்பதை 1971-ல் அதிகாரிகள் கண்டார்கள். 1972-ல் மறுபடியும் போய்ப் பார்த்தபோது கொஞ்சம் திருந்தியிருந்ததே தவிர எலி போகவில்லை. கம்பெனியின் தலைவர் பார்க் என்பவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். இத்தனை ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் கிடங்கைப் பார்ப்பது கீழே உள்ளவர்களின் பொறுப்பு என்றார் அவர். 1975-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தடுக்கவும் திருத்தவும் அதிகாரம் உள்ளவருக்கே பொறுப்பும் உண்டு என்றது. அபராதம் என்னமோ ஐந்து குற்றத்துக்கும் தலா 50 டாலர்தான். தொகை சின்னது, ஆனாலும் "அது கிராணி பார்க்கிற வேலை, எனக்குத் தெரியாது" என்று மேலே இருப்பவர் கையை விரிக்க முடியாமல் போனது. அந்த நாட்டில் பிற்காலத்தில் தொகையும் ஏறிவிட்டது. ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பேமிலி டாலர் என்ற கடைக் கம்பெனியின் கிடங்கில் 2022-ல் புகை போட்ட பிறகு 1,100-க்கும் மேற்பட்ட செத்த எலிகளை எடுத்தார்கள். அங்கிருந்து சரக்குப் போன 400-க்கும் மேற்பட்ட கடைகளைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. 2024-ல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்ட ஒப்பிய தொகை 4 கோடி டாலருக்கும் மேல்.

இந்தியாவில் நடந்தது முந்திரிப் பருப்பு விவகாரம். டில்லியில் கடைகளிலிருந்து உணவு இன்ஸ்பெக்டர்கள் மாதிரிக்கு எடுத்த முந்திரியில் பூச்சி. பூச்சி இருந்தால் மட்டும் போதாது, அது மனிதர் தின்னத் தகாதது என்றும் காட்ட வேண்டும் என்ற கருத்தில் 1975-ல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1979-ல் இன்னொரு முந்திரி வழக்கில் வேறு நீதிபதிகள், பூச்சி அரித்திருந்தால் அதுவே கலப்படம், தனியாக வேறொன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் இருந்த 'அல்லது' என்ற ஒரே சொல்லை எப்படிப் படிப்பது என்பதுதான் இத்தனைக்கும் மூலம். பிறகு 2006-ல் அங்கே வந்த புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், புழு, வண்டு, பூச்சி விழுந்த உணவு பாதுகாப்பற்ற உணவு என்று பச்சையாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1952-ல் ஓர் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் இருந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதோடு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள். இந்தச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற சுகாதார அதிகாரி, உணவு தயாரிக்கும் இடம் மட்டுமல்ல, உணவை வைத்திருக்கும் இடத்திலும் நுழையலாம். மூட்டையை அவிழ்க்கலாம், மாதிரி எடுக்கலாம், முத்திரை வைக்கலாம், பறிமுதல் செய்யலாம். 'விற்பனை' என்றால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதும் விற்பனை என்றே சட்டம் சொல்கிறது. ஆகவே "இன்னும் விக்கலைங்க" என்பது ஒரு பதிலாகாது. மிகவும் அசுத்தமான இடத்தை 14 நாள் வரை மூடி வைக்கவும் உத்தரவு போடலாம். அழுகியது, அருவருப்பானது, தின்னத் தகாதது ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உடம்புக்குக் கேடான உணவை விற்றால் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 வருஷம் வரை சிறை அல்லது இரண்டும்.

அதற்காக ஒரு வண்டு கண்டதும் கடையை மூடச் சொல்லுவார்கள் என்று எண்ண வேண்டாம். வயலில் விளைந்து வரும் பொருளில் ஒரு பூச்சிக் காலும் இருக்கக் கூடாது என்றால் உலகத்தில் யாரும் சாப்பிட முடியாது. அமெரிக்க அதிகாரிகள் கோதுமை மாவுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 50 கிராம் மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்கு எட்டினால் நடவடிக்கை. 75 என்று கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அது நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுகிற துணுக்கு. நாம் பேசுவது கண்ணெதிரே ஊறுகிற மூட்டையைப் பற்றி.

ஒரு தோட்டத்துக் கடையில் நடந்தது

பல வருஷங்களுக்கு முன், வேறொரு தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் தோட்டம், எந்தக் கடை என்பது வேண்டாம். அங்கே ஒரே ஒரு மளிகைக் கடை. எல்லாருக்கும் புத்தகக் கணக்கு. சம்பளத்தன்று கட்டுவது, மறுநாளிலிருந்து மறுபடி கடன். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் முதலில் அரிசியும் பருப்பும் அனுப்புகிறவர் அவர்தான். ஆனால் பழைய அரிசியைச் சலித்து, வண்டைப் போக்கி, வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு கிலோ மூன்று கிலோவாகக் கட்டி விற்பது அவர் வழக்கம். ரொக்கம் கொடுப்பவருக்குப் புது மூட்டை, கடன் சொல்பவருக்குச் சலித்த மூட்டை. லயத்தில் இது தெரியாதவர் இல்லை. பேசுபவர்தான் இல்லை.

ஓர் அம்மா ஒரு நாள் பையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பூஞ்சண நாற்றம் குப்பென்று அடித்தது. "எம் பேரை மட்டும் சொல்லிடாதீங்க ஐயா. மாசக் கடைசியிலே அவருதான் சாமான் தர்றாரு" என்றார். பெயரைச் சொல்லவில்லை. சுகாதார அலுவலகத்துக்கு எழுதினேன், அதிகாரிகள் வந்தார்கள். பின்கட்டில் மூட்டைகள் வெறும் சிமெண்டுத் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தன. அடி மூட்டை ஈரத்தில் கறுத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, புல் மருந்து டின்னும் எலிப் பாஷாணமும். மூட்டைகளுக்கு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் கூடிவிட்டது. பெரியவர் ஒருவருக்கு மனசே கேட்கவில்லை. "இத்தனை அரிசியை அழிக்கிறதா? கோழிக்காவது போடலாமே" என்றார். பட்டினி பார்த்த தலைமுறை. அவர் கேட்டது தப்பில்லை. ஆனால் பூஞ்சண விஷம் கோழிக்கும் ஆகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். மருந்து டின் பக்கத்தில் கிடந்த அரிசியில் என்ன கலந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கடைக்காரர் சந்தேகப்பட்ட மூன்று குடும்பங்களுக்குக் கடன் நின்றது. அதில் இரண்டு குடும்பத்துக்கு இந்த விஷயமே தெரியாது! கிளைச் செயலாளரும் பெரிய கிராணியும் போய்ப் பேசி, கடனைத் திறக்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அக்கம்பக்கத்தார்தான் அந்தக் குடும்பங்களுக்கு அளந்து கொடுத்தார்கள். கடையில் பலகை அடுக்கு வந்தது, மருந்து டின் வெளியே போனது. கடன் புத்தகம் ஒருவர் கையில் இருக்கும் வரை, வண்டு விழுந்த அரிசியைத் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வராது. சட்டம் இருந்தும் முறையீடு வராததற்கு நான் கண்ட காரணம் இதுதான். ஆகவே இதைத் தனி ஆளின் தைரியத்துக்கு விட்டுவிடக் கூடாது, கிளையின் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வண்டை விட மோசமானவை

பூஞ்சணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1988 அக்டோபரில் பேராக்கில், ஒன்பது பேரரசர் திருவிழாச் சமயத்தில், எலிவால் போல இருக்கும் அரிசி மாவு மீயைச் சாப்பிட்ட சீனக் குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாக விழுந்தார்கள். 13 பிள்ளைகள் இறந்தார்கள். கல்லீரல் கெட்டு மூளையைத் தாக்கியிருந்தது. ஆராய்ந்தபோது அஃப்ளாடாக்சின் என்றார்கள். மீயில் போரிக் அமிலமும் இருந்தது. கம்பாரில் இருந்த ஒரு மீ தொழிற்சாலை வரை சுவடு போனது. இந்த விஷம் நாம் சமைக்கும் சூட்டில் போகாது. ஒரே நாளில் கொல்லாவிட்டாலும், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கல்லீரலில் புற்று வரும். மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெப்படைடிஸ் பி உடம்பில் இருப்பவருக்கு அபாயம் பல மடங்கு. ஆகவே விதி ஒன்றே: வண்டு விழுந்தால் யோசிக்கலாம், பூஞ்சணம் பிடித்து, நிறம் மாறி, கட்டிகட்டியாகி, முக்கை நாற்றம் அடித்தால் யோசிக்கவே வேண்டாம். கச்சானுக்கும் மிளகாய்க்கும் காய்ந்த சோளத்துக்கும் இதே விதி. கெட்ட கச்சானைப் பொறுக்கிவிட்டு மீதியை வறுப்பதும் வேண்டாம்.

அடுத்தது மருந்து. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிசி டின்னைச் சுற்றிப் பூச்சி மருந்து அடிப்பது, அரிசிக்குள்ளேயே கரப்பான் சாக்கட்டியைப் போடுவது, பெரிய கிடங்குகளில் புகை போடும் மாத்திரையை யாரிடமோ வாங்கிவந்து துணியில் முடிந்து மூட்டையில் வைப்பது, இவையெல்லாம் நான் கேள்விப்பட்டவை. அந்த மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுக் காற்றை விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கிடங்கில் அதைப் போடுவதற்கு உரிமம் பெற்ற ஆள் வேண்டும், மூடி வைக்க வேண்டும், பிறகு காற்றோட்டம் விட வேண்டும். நாம் படுத்துறங்கும் வீட்டுக்குள் வைக்கிற சாமானா அது?

மருந்து வந்த தோம்பைக் கழுவி அரிசி போட்டு வைப்பதும், போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைப்பதும் அதே ரகம். 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில், சரன் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. நம் செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்கள் எத்தனை பேர்! பாராகுவாட்டை 2020 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மருந்து டின் சமையல் டின் ஆகாது. அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டு விழுந்த அரிசியை ஏழு தண்ணீர் எட்டுத் தண்ணீர் விட்டுக் களைகிறீர்களே, அதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. அரிசியின் மேல்தோலில் உள்ள பி1 சத்து தண்ணீரோடு போய்விடும். இது சும்மா சொல்வதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி வியாதியால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். தீட்டிய பச்சரிசி தின்ற சீன ஈயச்சுரங்கத் தொழிலாளருக்கு அது வந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன், கிடங்கில் பழசாகிப்போன அரிசியில் ஊறும் ஏதோ ஒரு நஞ்சே காரணம் என்று நினைத்தார். கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் 1905-ல் நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தீட்டிய அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். வியாதி தீட்டிய அரிசிக்காரர்களைத்தான் பிடித்தது. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள், தீட்டும்போது போய்விடும் சத்தே காரணம் என்று காட்டினார்கள். நம் பாட்டிமார் புழுங்கலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள்! நெல்லைத் தோலோடு அவிக்கும்போது அந்தச் சத்து மணிக்குள் இறங்கிவிடும். இன்றைக்கு முட்டையும் மீனும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்குப் பெரிபெரி பயம் அதிகம் இல்லை. வெறும் சோறும் சம்பாலுமாக ஓட்டுகிறவருக்கும், தினமும் தண்ணி போடுகிறவருக்கும் இன்றும் உண்டு.

வீட்டில் என்ன செய்வது? மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று மாதத்து அரிசியை வாங்கி அடுக்காதீர்கள். பதினைந்து நாளுக்கு அல்லது ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். இறுக்கமாக மூடும் டின்னில், தரையில் படாமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். புது அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் வண்டுக்குக் கல்யாணச் சாப்பாடு. டின்னைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்துப் பிறகு கொட்டுங்கள். குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியில் இடமிருந்தால், வாங்கிய கையோடு சின்னச் சின்னப் பையாக நாலு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுகிறோமே என்பீர்கள். போடுங்கள், வண்டு வருவதைக் கொஞ்சம் தடுக்கும். மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. வெயிலில் பரப்பினால் வண்டு ஓடும், அரிசியும் உலரும், உள்ளே இருக்கும் புழு அப்படியேதான் இருக்கும்.

பிள்ளைக் காப்பகம் உள்ள தோட்டங்களில் ஆயாக்களிடம் ஒரு வார்த்தை. பால் மாவு, கஞ்சி மாவு டின்னில் திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் விடுதிச் சமையலறையையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் நம்மோடு குலை வெட்டுகிறவர்கள்தான், மொழி தெரியாததால் வாயைத் திறப்பதில்லை.

கடையில் வாங்கியது கெட்டிருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், கொட்டியும் விடாதீர்கள். பையோடு, அச்சிட்ட தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். புத்தகக் கணக்கென்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, வாங்கிய நாளை எழுதித் தனியாக வையுங்கள். முதலில் கடைக்காரரிடமே காட்டி மாற்றிக் கேளுங்கள். பலர் மாற்றித் தருவார்கள். தராவிட்டால், அல்லது பின்கட்டில் இன்னும் மூட்டை கிடக்கிறதென்று தெரிந்தால், நமக்குக் கோல லங்காட் மாவட்டச் சுகாதார அலுவலகம் இருக்கிறது. கிள்ளான் பக்கத்தார் கிள்ளான் மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம். சுகாதார அமைச்சுக்கு இணையம் வழியாகவும் புகார் அனுப்பலாம். படித்த பிள்ளைகளைக் கேட்டால் கைப்பேசியிலேயே போட்டுக் கொடுப்பார்கள். கடைப் பெயர், இடம், பொருள், தேதி, நீங்கள் கண்டது, இவ்வளவு எழுதினால் போதும். கடன் புத்தகத்தை நினைத்துப் பெயர் போடத் தயங்கினால் பையைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், அவர் சங்கத்தின் பெயரில் எழுதட்டும். என்னிடம் கொண்டுவந்தாலும் சரி, காலை மருந்து நேரம் முடிந்த பிறகு வாருங்கள்.